ஒசத்தித் தகடு

மில்லில் அவருக்கு வைத்த பெயர் ஒசத்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாயைத் திறந்தால் ‘எங்க தகடு ஒசத்தி’ என்று ஆரம்பிப்பார், ‘அதான் ஒசத்தி’ என்று முடிப்பார். நடுவில் நீங்கள் மழையைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, மாமனார் செத்ததைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி. கொஞ்சம் மரியாதை சேர்த்து நாமும் ஒசத்தியார் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான், ‘எங்கள் தகட்டில் ஒரு ஒசத்தியும் இல்லை’ என்று பெரிய சபையில் போய்ச் சொல்லச் சொல்லி மில்காரர்கள் பிடித்தார்கள். இதைத் தலையெழுத்து என்பதா, வேறு ஆள் கிடைக்காத கொடுமை என்பதா?

அவர் வேலை பார்த்தது இரும்பாலையின் கடைசிக் கொட்டகையில். மற்ற கொட்டகைகளில் இரும்பு உருகும், ஓடும், பொறி பறக்கும். இவருடைய கொட்டகையில் நெருப்பே கிடையாது. முரட்டுத் தகட்டுச் சுருள் ஒரு பக்கம் நுழையும். ராட்சத உருளைகளுக்கு நடுவில் நசுங்கி, மெலிந்து, மறுபக்கம் முகம் பார்க்கிற வழவழப்போடு வெளியே வரும். பீரோவாகவும் பிரிட்ஜாகவும் கார் கதவாகவும் ஆகப்போகிற தகடு அது. ஓடுகிற தகட்டின் மேல் குனிந்து பார்த்தே, எந்த உருளை எங்கே கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று ஒசத்தியார் சொல்வார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் தப்பாக இருக்கும், அதையும் அதே தெம்போடு சொல்வார்.

அந்த உருளை லைன் நின்றுபோனது. கடலுக்கு அந்தப் பக்கம் சில நாடுகளில் தேவைக்கு மேல் ஆலைகளைக் கட்டிவிட்டு, விற்க வழியில்லாமல் முழித்தார்கள். முன்பு அவர்களிடம் வாங்கிய நாடுகளெல்லாம் வரியைப் போட்டு ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டன. இங்கே மட்டும் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கப்பல் கப்பலாக வந்து இறங்கியது தகடு. அடக்க விலைக்கும் கீழே கொடுத்தார்கள். அந்த விலைக்கு இங்கே தகடு உருட்டினால் கரண்டு பில்கூடக் கட்டாது.

முதலில் ராத்திரி ஷிப்ட்டை நிறுத்தினார்கள். அப்புறம் பகலையும் நிறுத்தினார்கள். உருளைகளுக்குக் கிரீஸ் பூசி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஆட்கள் வழக்கம்போல வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓடாத மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: “வெளிநாட்டுத் தகட்டுக்கு அரசாங்கம் வரி போட்டா லைன் ஓடும். போடலைன்னா கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவோம். இனிமே முதலாளி கையில ஒண்ணும் இல்ல, விசாரணைல இருக்கு.”

இரும்பு செய்கிற மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுவதா! அன்றிலிருந்து ஒசத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. தார்ப்பாயைத் தூக்கி உருளையைத் தடவிப் பார்ப்பார், கையில் ஒட்டிய கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் மனைவி சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? அதுவும் இல்லை. வீட்டுக்குக் கீழேதான் மைத்துனனின் பட்டறை.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. பீரோ செய்கிறவன். மாமனார் விட்டுப்போன வீட்டில் கீழே அவனுடைய பட்டறை, மாடியில் இவர்கள் குடித்தனம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான். ‘பீரோவைக் கட்டிக்கிட்டான் என் தம்பி’ என்று அக்கா சிரிப்பாள். சாப்பாடு அக்கா கையால்தான். அவன் செய்த முதல் பீரோ அக்காவின் கல்யாணத்துக்கு. தகடு மாப்பிள்ளை உருட்டியது. அது இப்போதும் மாடியில் நிற்கிறது. ஒசத்தியார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்.

அதே மைத்துனன் இப்போது வெளிநாட்டுத் தகடு வாங்கினான். காலையிலிருந்து கீழே வெட்டுகிற சத்தம், மடிக்கிற சத்தம், ஸ்பாட் வெல்டிங் சொடக்குகிற சத்தம். தன் மெஷின் ஊமையாகக் கிடக்க, அந்நியத் தகடு தன் காலடியிலேயே கூத்தடிப்பதை மனுஷர் எப்படிப் பொறுப்பார்? படியிறங்கும்போது வழியில் அந்தத் தகட்டு அடுக்கு இருந்தால், சேற்றைத் தாண்டுகிற மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போவார். ஒரு நாள்கூட அதை அவர் தொட்டதில்லை.

“தொட்டா ஒட்டிக்காது மாமா” என்பான் மைத்துனன்.

“நீ தொடு. உன் கைதான் பழகிப்போச்சே.”

மத்தியானச் சாப்பாட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

“வரி வரட்டும்டா, அப்புறம் பாரு” என்பார் ஒசத்தியார்.

“வந்தா என்ன ஆகும் மாமா? எனக்குத் தகடு விலை ஏறும். என் பீரோ விலை ஏறும். தகட்டுக்கு வரி போட்டா, அவன் என்ன முட்டாளா, பீரோவாவே செஞ்சு கப்பல்ல ஏத்திடுவான். பீரோவுக்கு வரி இல்லையே! நான் அப்போ பட்டறையைச் சாத்திட்டு உங்க மில்லு வாசல்ல பீடா விக்கணும்.”

“நாட்டு மில்லு செத்தாப் பரவாயில்லையா உனக்கு?”

“நான் எந்த நாடு மாமா?”

இதற்குமேல் போனால் தட்டு பறக்கும் என்று தெரிந்து மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்காருவாள். “நீங்க ஜெயிச்சா என் தம்பி தெருவுல நிப்பான். அவன் ஜெயிச்சா நீங்க வீட்டுல நிப்பீங்க. எனக்கு எது நல்லது, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்து சொல்லுங்க” என்பாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மில்லின் வக்கீலம்மா வந்தாள். சின்ன வயசுதான். ஆனால் பேச்சு கறார். லைனிலேயே நின்று வேலை பார்க்கிற ஒருவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்று வரி விசாரணையை நடத்துகிற அதிகாரி கேட்டிருந்தார். லைனில் மூத்தவர் ஒசத்தியார். மேனேஜர் எச்சிலை விழுங்கிக்கொண்டு அவரைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

“ஒரே ஒரு விஷயம்தான் ஐயா” என்றாள் வக்கீலம்மா. “அவங்க தகடும் உங்க தகடும் ஒண்ணான்னு கேப்பாங்க. ஒண்ணுதான்னு சொல்லணும்.”

ஒசத்தியார் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அந்தக் கருமாந்தரமும் எங்க தகடும் ஒண்ணா? யாரைப் பாத்து என்ன பேச்சுப் பேசறீங்க?”

“இப்படித்தான் பேசுவீங்கன்னு மேனேஜர் சொன்னார். உக்காருங்க.” அவள் பொறுமையாகச் சொன்னாள். “வர்ற சரக்கும் நீங்க செய்யற சரக்கும் ஒண்ணா இருந்தாத்தான் ‘அதனால எங்களுக்கு அடி’ன்னு சொல்ல முடியும். வரியும் அப்பத்தான் போடுவாங்க. நீங்க விக்கறது தங்கம், அவங்க விக்கறது வெங்காயம்னு வெச்சுக்குங்க. வெங்காயக் கடையால என் வியாபாரம் போச்சுன்னு தங்கக்கடைக்காரர் அழுதா யாராவது நம்புவாங்களா? எங்க தகடு ஒசத்தின்னு நீங்க ஒரு வார்த்தை விட்டீங்க, தீந்துது. ‘சரி, ஒசத்தியை நீங்க வித்துக்குங்க, எங்களுக்கு இதுவே போதும்’னு எதிர்த்தரப்பு எந்திரிச்சுப் போயிடும். உங்க லைன் பழைய இரும்புதான்.”

ஒசத்தியார் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வாயாலேயே தன் தகட்டின் கழுத்தை நெரித்தால்தான் அது பிழைக்கும் என்றால், இது என்ன நியாயம், இது எந்த ஊர் சட்டம்? ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆட்களின் முகம் நினைவுக்கு வந்தது. “சொல்றேன்” என்றார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீலாக மனைவி. காய் நறுக்கிக்கொண்டே கத்தியை நீட்டிக் கேட்பாள்.

“சொல்லுங்க, உங்க தகடும் அவங்க தகடும் ஒண்ணா?”

“ஒண்ணுதான். ஆனா…”

“ஆனா கிடையாது! மறுபடியும். ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணுதான்.”

“ஆனா?”

“ஆனா… அந்த ஓரம் இருக்கு பாரு, ஓரத்துல நம்ம தகடு…”

“போச்சு. லைனை எடைக்குப் போட்டாச்சு. எந்திரிங்க, நாளைலேருந்து காய் நறுக்க வாங்க.”

ஒரு வழியாக ‘ஆனா?’ என்று அவள் தூண்டில் போட்டால், ‘ஆனா கிடையாது’ என்று சொல்லப் பழகிக்கொண்டார். குளிக்கும்போது சொன்னார், செருப்பு மாட்டும்போது சொன்னார். தெருவில் நடக்கும்போது தன்னை மறந்து சத்தமாகச் சொல்ல, எதிரில் வந்தவர் மிரண்டு ஒதுங்கினார்.

விசாரணை நாள் காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு சட்டை காத்திருந்தது.

“அது யாரோடது?”

“தம்பியோடது.”

“அவனுக்கு என்ன விசேஷம்?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “உங்களுக்கு என்ன விசேஷமோ அதே விசேஷம்தான்.”

ஒசத்தியார் தடதடவென்று படியிறங்கினார். மைத்துனன் முகச்சவரம் செய்து, தலையை வாரி, பட்டறையின் நடுவில் பனியனோடு நின்றுகொண்டிருந்தான்.

“எங்கடா கிளம்பிட்ட?”

“பீரோ செய்யறவங்க சங்கத்துலருந்து போகச் சொன்னாங்க மாமா. சாட்சிக்கு. நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல.”

“என்ன சொல்லப்போற?”

“நீங்க என்ன சொல்லப்போறீங்க?”

இரண்டு பேருக்கும் பதில் தெரியும். ஒரே பஸ்ஸில்தான் போனார்கள், வேறு பஸ் இல்லை. ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள், வேறு சீட் இல்லை. டிக்கெட்டை மைத்துனன் எடுத்தான். ஒசத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதடு அசையாமல் ‘ஒண்ணுதான், ஒண்ணுதான்’ என்று முனகிக்கொண்டே வந்தார். காலை ஆட்டிய ஆட்டலில் முன்சீட்டுக்காரர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

விசாரணை அறையில் ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. ஒசத்தியாருக்கு மட்டும் வேர்த்தது. நீள மேஜையின் தலைமாட்டில் அதிகாரி. ஒரு பக்கம் மில்காரர்கள், வக்கீலம்மா. எதிர்ப்பக்கம் தகடு வாங்குகிறவர்கள், இறக்குமதி செய்கிறவர்கள், அவர்களுடைய வக்கீல். அந்த வக்கீல் தேன் குழைத்துப் பேசுகிறவர். மேஜை மேல் இரண்டு தகட்டுத் துண்டுகள். ஒன்று இங்கத்தியது, ஒன்று கப்பலில் வந்தது.

முதலில் ஒசத்தியாரைக் கூப்பிட்டார்கள்.

“எவ்வளவு காலமா இந்த வேலைங்க?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

“மீசை மொளைச்சதுலேருந்து.”

“அப்போ தகட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல. இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.”

“வித்தியாசம் ஒண்ணும் இல்லீங்க. ரெண்டும் ஒண்ணுதான்.”

“வழவழப்பு?”

“ஒண்ணுதான்.”

“மடிச்சா?”

“ஒண்ணுதான்.”

வக்கீலம்மா லேசாக மூச்சுவிட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் உட்காரப்போகிறவர் மாதிரி பாதி குனிந்துவிட்டு, மறந்துபோனது நினைவு வந்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

“மில்லுல உங்களுக்கு ஒரு பட்டப்பேர் உண்டாமே?”

மில்லுக்கு வெளியே அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒசத்தியார் அவனைப் பார்த்தார். மைத்துனன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். சங்கத்தில் டீ குடிக்கும்போது எப்போதோ சிரிக்கச் சிரிக்கச் சொன்னது, இப்படி மேஜைக்கு வரும் என்று அவன் கண்டானா?

“சொல்லுங்க, என்ன பேர்?” என்றார் அதிகாரி.

“ஒசத்திங்க.”

அறையில் சிரிப்பு எழுந்தது. மேனேஜரும் சிரித்துத் தொலைத்தார்.

“ஏன் அப்படி ஒரு பேர்? எது ஒசத்தி?” வக்கீலின் குரலில் தேன் சொட்டியது.

வக்கீலம்மாவின் பேனா நின்றது. ஒசத்தியாரின் நாக்கு நுனியில் அந்த வாக்கியம் வந்து குதித்துக்கொண்டு நின்றது. ஆயுசு பூராவும் சொன்ன வாக்கியம். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அது சும்மாங்க. வாய்க்கொழுப்பு. வயசுல பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், கிண்டலா வெச்சுட்டாங்க. அதுல உண்மை ஒண்ணும் இல்லீங்க. எங்க தகடு எல்லாத் தகடும் மாதிரிதான்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. மனுஷர் அழுதிருந்தால்கூடப் பார்க்கச் சகித்திருக்கும். வக்கீலம்மா மட்டும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். பாதி கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து மைத்துனன். எழுந்து நின்றவன் நேராக நிற்கவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். சங்கத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் சின்னது: உள்ளூர்த் தகடு மடிக்கும்போது வெடிக்கிறது, வெளிநாட்டுத் தகடு இல்லாவிட்டால் எங்கள் தொழில் இல்லை. அவ்வளவுதான்.

“நீங்க ரெண்டையும் வெட்டி மடிச்சுப் பாத்தவர். ரெண்டும் ஒண்ணா?” என்று அவர்கள் வக்கீல் எடுத்துக்கொடுத்தார்.

“ஒண்ணு இல்லீங்க.”

“நல்லது. என்ன வித்தியாசம்?”

மைத்துனன் மேஜையைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். கடைசியில் மாமாவைப் பார்த்தான். அவர் இன்னும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“எங்க மாமா உருட்டுன தகடுதான் ஒசத்தி” என்றான்.

வக்கீல் வாயைத் திறந்தபடி நின்றார். அவன் நிறுத்தவில்லை. “எங்க அக்கா கல்யாணத்துக்கு நான் செஞ்ச பீரோ அவர் தகடுதான். எனக்கு அப்போ மடிக்கவே தெரியாது. அடி அடின்னு அடிச்சு வளைச்சேன், ஒரு இடத்துலகூட வெடிக்கல. இன்னிக்கும் ஒத்த விரலால தள்ளுனாக் கதவு மூடும். இந்தக் கப்பல் தகடு அதுக்குப் பக்கத்துல நிக்குமா? விலை கம்மின்னு வாங்கறோம், வேற வழியில்லாம வாங்கறோம். அந்த மனுஷன் வாயாலயே ஒண்ணுதான்னு சொல்ல வெச்சுட்டீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கெல்லாம்?”

ஒசத்தியார் நிமிர்ந்தார். அடடா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வீட்டில் இத்தனை வருஷம் ஒரே சோற்றைச் சாப்பிட்டும் இவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. ‘ஆமா, உங்க தகடு, பெரிய தகடு’ என்று நக்கல் அடித்தவன் இவன். இன்றைக்கு அதிகாரி முன்னால், எதிரிகள் முன்னால், சங்கத்து ஆட்களின் நடுவில் நின்றுகொண்டு சொல்கிறான். ஒசத்தியாரின் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் சுதாரித்துக்கொண்டார். “ஐயா, இதைக் குறிச்சுக்கணும்” என்று அதிகாரியிடம் சொன்னார். குரலில் பழைய தேன் திரும்பியிருந்தது. “உள்ளூர்த் தகடு உசந்த தரம். எங்க ஆளுங்களுக்கு அவ்வளவு உசந்த தரம் வேண்டாம், கட்டுப்படியாகற தரம் போதும். அது வேற, இது வேற. ஒண்ணோட ஒண்ணுக்குப் போட்டியே இல்ல. அப்புறம் வரி எதுக்கு?”

ஒசத்தியார் வக்கீலம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். “நீங்கதான் அந்த மாமாவா? உங்க மைத்துனர் இப்படிச் சொல்றாரே. அவர் சொல்றது தப்புங்கறீங்களா?”

‘ஆமாங்க, தப்பு.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வக்கீலம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். மேனேஜர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். ஒசத்தியார் வாயைத் திறந்தார், மூடினார். எதிரே நின்றவன் இன்னும் கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்துக்கொண்டிருந்தான். தனக்காக இவ்வளவு பேசியவனை, கேட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை, பொய்யன் என்பதா?

“அவன் பொய் சொல்ல மாட்டான் ஐயா” என்றார் ஒசத்தியார்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள்.

திரும்பி வரும்போது டிக்கெட்டை ஒசத்தியார் எடுத்தார். ஜன்னல் சீட்டை மைத்துனனுக்குக் கொடுத்தார்.

தீர்ப்பு வர ரொம்பக் காலம் ஆயிற்று, ஆனால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டும் வேறு வேறு தரம், வரி தேவையில்லை. அப்புறம் ஆக வேண்டியதெல்லாம் மளமளவென்று ஆயிற்று. கொட்டகைக்கு வெளியே லாரிகள் வந்து நின்றன. கிரீஸ் பூசிய உருளைகளைக் கிரேன் தூக்கியபோது ஆட்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். சிலர் ஒசத்தியாரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பேசியவர்களில் ஒருவர், “உன் மச்சான் உன்னை ஒசத்தியே கவுத்துட்டான்யா” என்றார். ஒசத்தியாருக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆட்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டது தன் வாய்தான் என்று அவருக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்தும், மனசின் ஒரு மூலையில் ஒரு இனிப்பு கரையாமல் கிடந்தது. அதைத்தான் அவரால் மன்னிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வேலையில்லாமல் மாடிக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தவர், பீரோவைத் தாண்டும்போது ஒரு தட்டுத் தட்டுவார். “வேலை போச்சு, போகட்டும். சபையில பேர் வாங்கிட்டுத்தானே வந்தோம்” என்று மனைவியிடம் சொல்வார். அவள் காய் நறுக்கப் போய்விடுவாள்.

கீழேயும் நிலைமை ஒன்றும் ஓகோ என்று இல்லை. தெருமுனையில் ஒரு புதுக் கடை வந்திருந்தது. அட்டைப் பெட்டியில் மடித்து வந்த வெளிநாட்டு பீரோக்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருகாணி போட்டு நிமிர்த்தினால் போதும். வரி வந்தால்தான் பீரோ கப்பலேறும் என்று மைத்துனன் கணக்குப் போட்டிருந்தான். வராவிட்டாலும் ஏறி வந்துவிட்டது. பட்டறையில் இரண்டு பேரை நிறுத்தினான். மிச்சம் இருந்த ஒருவனும் ஒரு நாள் காலையில் காய்ச்சல் என்று வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அலமாரிகள் அன்றே போக வேண்டியிருந்தது.

அவன் மாடிப்படியில் நின்று, “மாமா, கொஞ்சம் கை குடுக்க முடியுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

ஒசத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தகட்டு அடுக்கின் முன்னால் நின்றார். ஒதுங்கிப் போக இனி இடமில்லை. முதல் தடவையாக அந்தத் தகட்டைத் தொட்டார், தூக்கினார், மடிக்கிற மெஷினில் வைத்துப் பெடலை மிதித்தார். தகடு சத்தமில்லாமல் மடிந்தது.

மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். சொரசொரப்பு இல்லை. ஒரு வெட்டுத் துண்டை எடுத்து முழுசாக மடக்கி, சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்ட வைத்தார். பிரித்துப் பார்த்தார். எங்கேயும் வெடிக்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார், ஓரத்தில் அடித்துப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. நெற்றியில் வேர்வை வழிய, பைத்தியம் பிடித்தவர் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார். வெல்டிங் பக்கம் இருந்த மைத்துனன் சத்தம் கேட்டு வந்து நின்றான்.

“மாப்ள, இது வெடிக்கலையேடா.”

“வெடிக்காது மாமா.”

“அப்போ நல்ல தகடுதானா?”

“நல்ல தகடுதான். வந்த நாள்லேருந்து ஒண்ணுகூட வெடிச்சதில்ல. உங்களுதும் வெடிச்சதில்ல.” அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “ரெண்டும் ஒண்ணுதான் மாமா.”

“அப்புறம் ஏன்டா அன்னிக்கு அப்படிச் சொன்ன?”

மைத்துனன் கையுறையைத் தகட்டு அடுக்கின் மேல் போட்டான். “உங்க பேரை அவன் காதுல போட்டது நான்தான். நீங்க வாய்க்கொழுப்புன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னீங்க. என்னால பாக்க முடியல மாமா. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்.”

ஒசத்தியாரின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது. லைன் போயிற்று, ஆட்கள் போனார்கள், எல்லாம் போன பிறகு மிச்சமாக வைத்திருந்த அந்த ஒரு இனிப்பும் போயிற்று. சபையில் தான் சொன்னதுதான் உண்மை. பொய் என்று நினைத்துக் கூசிக்கூசிச் சொன்ன அந்த உண்மையில் கடைசிவரை நின்றிருந்தாலே லைன் பிழைத்திருக்கும். அடிக்கலாம் என்று மைத்துனனைப் பார்த்தார். கட்டிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

மாடிப்படியில் மனைவி எட்டிப் பார்த்தாள். “என்ன, சத்தமே காணோம்? சண்டையா?”

“இல்ல” என்றார். மடித்த தகட்டைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். “ரெண்டும் ஒண்ணுதான்.”

ஒத்திகைப் பழக்கத்தில் அவள் வாயில் தானாக வந்துவிட்டது. “ஆனா?”

ஒசத்தியார் யோசித்துப் பார்த்தார்.

“ஆனா கிடையாது” என்றார். அடுத்த தகட்டை எடுத்து மெஷினில் வைத்துப் பெடலை மிதித்தார்.